‘மெலிந்த பிறகு’ என்று மடித்து வைத்த உடைகள்

கேள்வி (சுருக்கமாக): வயது 38. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, மதியம் கொஞ்சம் காய். பகல் முழுக்கக் கட்டுப்பாடுதான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றபடி இனிப்பு, வறுவல் எது கிடைத்தாலும் தின்கிறேன். நல்ல உடைகள் எல்லாம் ‘மெலிந்த பிறகு’ என்று அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. போட்டோ எடுக்கும் வேலையை நானே வாங்கிக்கொள்கிறேன், அப்போதுதான் படத்தில் நான் இருக்க மாட்டேன். போன வாரம் என் 11 வயது மகள் கண்ணாடி முன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, “அம்மா, எனக்கும் தொப்பை இருக்கா?” என்றாள். அடுத்த மாதம் தங்கை கல்யாணம். ஆசைப்பட்டு வாங்கிய நீல உடை மார்பில் பூட்ட மறுக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

உங்கள் மகளின் கேள்வியில் ஓர் எழுத்திலேயே நான் நின்றுவிட்டேன். ‘எனக்குத் தொப்பை இருக்கா’ என்று அவள் கேட்கவில்லை. ‘எனக்கும்’ என்றாள். அந்த ‘உம்’ உங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். கண்ணாடியைக் கடக்கும்போது நீங்கள் விடும் பெருமூச்சு போதும், பிள்ளைகள் படித்துவிடுவார்கள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள், என் பார்வையில் தொடக்கம் அங்கேதான். ஆனால் உங்கள் கடிதத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது ராத்திரிச் சாப்பாடு. அதைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு மகளிடம் வருகிறேன்.

காலையில் ஒன்றுமில்லை, மதியம் கொஞ்சம் காய் என்று எழுதிவிட்டு, ராத்திரி அடக்க முடியவில்லை என்று வருந்துகிறீர்கள். இதில் முக்கால்வாசி வெறும் பசி. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 ஆண்களைச் சேர்த்து ஒரு பரிசோதனை நடத்தினார். எல்லோரும் திடகாத்திரமானவர்கள், மனநலத்தையும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரங்களுக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதில் ஏறத்தாழப் பாதிதான் கொடுக்கப்பட்டது. உடம்பு கால் பங்கு இளைத்தது. அதைவிடப் பெரிய மாற்றம் மனத்தில் நடந்தது. அதுவரை சமையலில் துளி ஆர்வமில்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படுக்கையில் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பேச்செல்லாம் சாப்பாடு. பரிசோதனை முடிந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது வயிறு முட்டத் தின்றும் பசி தீரவில்லை என்றார்கள். அவர்களை யாரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் உங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்? பகலில் நீங்கள் தராததைத்தான் உடம்பு ராத்திரி வட்டியோடு வசூலிக்கிறது.

அதனால் நான் தரும் முதல் மருந்து உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். காலையில் சாப்பிடுங்கள். மதியம் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், புரதம் உள்ள ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். இரண்டு வாரம் இதைச் செய்யாமல் ராத்திரிப் பழக்கத்தை நிறுத்தப் போராடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

மிச்சமிருக்கும் கால்வாசிதான் ஆறுதல். நாள் முழுக்க எல்லோருக்கும் ஓடிவிட்டு, கடைசியில் உங்களுக்கென்று கிடைக்கும் பத்து நிமிடம் அது. அந்த ஏக்கத்தில் ஒரு தவறும் இல்லை. மன அழுத்தத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடும்போது இனிப்பும் கொழுப்பும் உள்ளவற்றை உடம்பு தேடுவது எலிகளிடமே பார்க்கப்பட்ட விஷயம். மேரி டால்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2003இல் இதை விரிவாக எழுதினார்கள்.

ஆனால் ‘மனசுக்கு இதமான சாப்பாடு’ என்று நாம் நம்பும் பண்டத்துக்கு உண்மையில் எவ்வளவு சக்தி? 2014இல் வெளியான ஓர் ஆய்வு சுவாரசியமானது. ட்ரேசி மான் என்ற உளவியலாளரின் குழு அதைச் செய்தது, பணம் கொடுத்தது நாசா. விண்வெளியில் மாதக்கணக்கில் இருப்பவர்கள் சரியாகச் சாப்பிட வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கு மனத்தைச் சங்கடப்படுத்தும் படக்காட்சிகளைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்களே ‘எனக்கு ஆறுதல் தருவது’ என்று சொன்ன பண்டத்தைக் கொடுத்தார்கள். வேறு சிலருக்குப் பிடித்த இன்னொன்று, சிலருக்குச் சாதாரணமான ஒன்று, சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் மனம் தெளிந்தது, ஏறத்தாழ ஒரே அளவில். ஒன்றும் தின்னாதவர்களுக்கும்தான். தானாகத் தெளியும் மனத்துக்கு சாக்லேட் பெயர் வாங்கிக்கொள்கிறது!

அப்படியானால் ஆறுதல் சாப்பாடு என்பதே பொய்யா? அதுவும் இல்லை. 2011இல் ஜோர்டன் ட்ரோய்சி, ஷிரா கேப்ரியல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கோழி சூப்பை ஆறுதல் உணவாக நினைப்பவர்கள் அதைக் குடித்தபோது அவர்கள் மனத்தில் உறவு தொடர்பான சொற்கள்தான் அதிகம் எழுந்தன. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து நான் புரிந்துகொள்வது இதுதான்: இதம் பண்டத்துக்குள் இல்லை, அதை முதன்முதலில் நமக்குக் கொடுத்த கையில் இருக்கிறது. காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியவரின் நினைவு அது.

இப்போது நீங்கள் சாப்பிடும் விதத்தைப் பாருங்கள். நின்றுகொண்டு, இருட்டில், தனியாக, யாராவது எழுந்து வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், அவசர அவசரமாக. ஆறுதல் தரும் ஒரே அம்சத்தை, அதாவது கூட ஆள் இருப்பதை எடுத்துவிட்டு, சர்க்கரையையும் எண்ணெயையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆறவில்லை என்பதால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. எத்தனை தின்றாலும் ஆறாதுதான்.

அதே பண்டத்தைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள். சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் தட்டில் வைத்து, உட்கார்ந்து, அவர்களோடு பேசிக்கொண்டே தின்னுங்கள். மகள் பார்க்க, சந்தோஷமாக. ‘இன்னைக்கு மட்டும்’, ‘நாளையிலிருந்து நிறுத்திடுவேன்’ என்ற முன்னுரை வேண்டாம். முதல் வாரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும், பயப்படாதீர்கள். தடை நீங்கினால் ஆசை ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அடங்கும். பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதை. ஜெனிஃபர் ஃபிஷர், லியன் பர்ச் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துத் தொடவிடாமல் தடுத்த பண்டத்தின் மேல்தான் குழந்தைகளின் கவனமும் ஆசையும் கூடியது. உங்கள் வீட்டில் எட்டாத உயரத்தில் ஏதாவது டப்பா இருந்தால் கீழே இறக்குங்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தையின் வயிறு முடிவு செய்யட்டும் என்று எலின் சாட்டர் என்ற உணவியலாளர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார். வீட்டில் சமாதானம் வர இதைவிட எளிய ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஒரு எல்லைக்கோடு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரே மூச்சில் அளவுக்கு மீறித் தின்பது, நிறுத்த நினைத்தும் கை நிற்காதது, பிறகு அருவருப்பு: இது வாரத்துக்கு ஒரு தடவையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அதற்கு மருத்துவப் பெயரும் சிகிச்சையும் உண்டு. தின்றதை வாந்தி எடுத்து வெளியேற்றத் தோன்றினால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். எடை ஏறியதோடு எப்போதும் களைப்பு, முடி கொட்டுவது, மாதவிடாய் குழப்பம் என்று இருந்தால் தைராய்டு உட்பட ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எடை எதுவானாலும் பார்க்க வேண்டியவை. உடம்பை வெறுக்காமல் இருப்பது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு. சொல்லப்போனால் வெறுப்பவர்கள்தான் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போடுகிறார்கள். எடை மேடையில் ஏறச் சொல்வார்களே என்ற கூச்சம்.

எடை மேடை பற்றி இரண்டு வரி. உடம்பு சேமிக்கும் மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு கூடினாலும் மாதவிடாய் நெருங்கினாலும் நீர் தங்கும். காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணம், அதில் கொழுப்புக்கு வேலையே இல்லை. தினமும் ஏறிப் பார்த்து மனம் உடைபவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் அளந்து அழுகிறார்கள்.

இனி உடைகள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த மேல்தட்டுதான். ராத்திரிச் சாப்பாட்டைவிட.

ஒரு மனுஷி தன்னுடைய நல்ல உடை, போட்டோ, விசேஷம் எல்லாவற்றையும் இன்னும் வராத ஓர் உடம்புக்காக எடுத்து வைத்துவிட்டு, இருக்கும் உடம்பை மங்கிய நைட்டியில் சுற்றி வைக்கிறாள். வாசலில் நிற்பவளை உள்ளே கூப்பிடாமல், வராத விருந்தாளிக்காக இலை போட்டுக் காத்திருப்பது போல. இதற்குத் தண்டனை என்றுதான் பெயர். தண்டனையால் யாரும் மெலிந்து நான் பார்த்ததில்லை. பலர் இன்னும் கொஞ்சம் பெருத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

இருக்கும் உடம்புக்குச் சரியான அளவில் நான்கு உடைகள் வாங்குங்கள் அல்லது தைத்துக்கொள்ளுங்கள். நான்கு போதும். இடுப்பை அறுக்கும் உடையைப் போட்டுக்கொண்டு நடப்பது, நாள் முழுக்க யாரோ காதில் ‘நீ பெருத்துட்டே’ என்று சொல்லிக்கொண்டே வருவதற்குச் சமம். இது வெறும் சங்கடம் இல்லை, மூளையின் வேலையையும் தின்கிறது. 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் சக ஆய்வாளர்களும் கல்லூரி மாணவிகளில் ஒரு பகுதியினரை நீச்சலுடையிலும், மற்றவர்களைக் கம்பளிச் சட்டையிலும் தனி அறையில் ஆளுயரக் கண்ணாடியோடு இருக்கவிட்டுக் கணக்குப் போடச் சொன்னார்கள். நீச்சலுடை போட்ட பெண்கள் கணக்கில் பின்தங்கினார்கள். அறையில் வேறு யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்த்துக்கொண்டிருந்தது அவரவர் கண்தான். தன் உடம்பை வெளியிலிருந்து வேவு பார்ப்பதற்கு மூளையில் ஒரு பங்கு போய்விட்டால், கணக்குக்கு மிச்சம்தானே கிடைக்கும்?

உடையில் தைத்திருக்கும் அளவு எண்ணைப் பார்த்து வருந்துபவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வேன். பெண்களின் ஆயத்த ஆடைக்கு அளவு வகுக்க 1939-40இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடங்களில் அளந்தார்கள். அதை ஒட்டி 1958இல் ஒரு தரநிலை வந்தது. கம்பெனிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று பெரிய உடைக்குச் சின்ன எண் போட ஆரம்பித்தார்கள். 1983இல் தரநிலையையே விலக்கிக்கொண்டார்கள். அந்த எண் ஒரு வியாபாரத் தந்திரம், அவ்வளவுதான். உறுத்தினால் அந்தத் துண்டைக் கத்தரித்துப் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நல்ல உடை போட்டால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று உங்களுக்கு வாக்குறுதி தர மாட்டேன். டாக்டர் கோட் போட்டால் கவனம் கூடும் என்று 2012இல் ஓர் ஆய்வு புகழ்பெற்றது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. உடைக்கு மந்திர சக்தி இல்லை. ஆனால் நன்றாகப் பொருந்தும் உடை உங்களை உங்கள் உடம்பை மறக்க விடும். தன்னம்பிக்கை என்றால் கண்ணாடி முன் ‘நான் அழகி’ என்று பத்து முறை சொல்வது என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. உடம்பைப் பற்றிய நினைப்பே இல்லாமல் மூன்று மணி நேரம் ஒரு விசேஷத்தில் சிரித்துப் பேசிவிட்டு வந்தால், அதுதான்.

‘எல்லோரும் பார்ப்பார்களே’ என்ற பயத்துக்கு இதைக் கேளுங்கள். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய முகப்படம் அச்சிட்ட, போடவே கூச்சமான டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள், பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசி. கல்யாணத்தில் ஒவ்வொருவரும் தன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பதில் மும்முரமாக இருப்பார்கள், உங்கள் வயிற்றைப் பார்க்க யாருக்கு நேரம்?

போட்டோவில் நீங்கள் நன்றாக இல்லை என்று தோன்றுவதற்கும் காரணம் உண்டு. வாழ்நாள் முழுக்க நீங்கள் பார்த்துப் பழகியது கண்ணாடி காட்டும் இடவலம் மாறிய முகம். 1977இல் நடந்த ஒரு சோதனையில், பெண்கள் தங்கள் படத்தில் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி அச்சிட்டதையே விரும்பினார்கள். அவர்களுடைய நெருங்கியவர்களோ திருப்பாத படம்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதாவது, உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும் அந்த முகம்தான் உங்கள் பிள்ளைகள் தினமும் பார்த்து நேசிக்கும் முகம். செல்ஃபி இன்னும் மோசம். ஒரு அடி தூரத்தில் எடுத்தால், ஐந்து அடியிலிருந்து எடுப்பதைவிட மூக்கு 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இருபது வருடம் கழித்து உங்கள் மகள் ஆல்பத்தைத் திறந்து அம்மாவைத் தேடுவாள். கேமராவைக் கணவரிடம் கொடுங்கள்.

அவளைப் பற்றிக் கடைசியாக. 11 வயதில், பருவம் எய்துவதை ஒட்டி வயிற்றிலும் இடுப்பிலும் சதை வைப்பது இயல்பான வளர்ச்சி. அதைக் குறையாகப் பார்த்து இந்த வயதில் பட்டினி தொடங்கும் பெண் குழந்தைகளைப் பற்றித்தான் எனக்குப் பயம். சுற்றியிருக்கும் பார்வை எவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்கும் என்பதற்கு ஃபிஜித் தீவு சாட்சி. உடம்பு நிறைவாக இருப்பதை மதித்த ஊர் அது. யாராவது இளைத்தால் வீட்டார் கவலைப்படுவார்கள். 1995இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதும், மூன்றாண்டு கழித்து 1998இலும் பள்ளி மாணவிகளைக் கேட்டார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக 1995இல் ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998இல் 11 சதவீதத்தினர் சொன்னார்கள்.

“சீ, உனக்கெல்லாம் தொப்பையே இல்லடா கண்ணு” என்று அவளைச் சமாதானப்படுத்தாதீர்கள். தொப்பை என்பது பயங்கரமான ஒன்று, நல்லவேளை உனக்கு இல்லை என்றுதான் அவள் காதில் விழும். “இருக்கு. எனக்கும் இருக்கு, பாட்டிக்கும் இருக்கு. சாப்பிட்டது போக ஒரு இடம் வேணுமில்ல? நீ வளர்றே, இப்போ இன்னும் கொஞ்சம் சதை வைக்கும்” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, யார் அவளிடம் என்ன சொன்னார்கள் என்று விசாரியுங்கள். பள்ளியில் யாரோ கிண்டல் செய்திருக்கலாம். வீட்டிலேயே இருக்கலாம்.

வீட்டில் என்றால், ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: யார் உடம்பைப் பற்றியும், புகழ்ச்சியாகக்கூட, சாப்பாட்டு மேஜையில் பேச்சில்லை. ‘இளைச்சுட்டே, அழகாயிருக்கே’ என்பதும் சேர்த்துத்தான். மாமியார் மாதிரிப் பெரியவர்கள் சட்டென மாற மாட்டார்கள். அவர்களிடம் வாதம் வேண்டாம். “ஆமா அத்தை, பெருத்துட்டேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று சிரித்துக்கொண்டே பரிமாறிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கணவரிடம் மட்டும் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். அவர் கேலி பிள்ளை காதில் விழக்கூடாது.

நீல உடையை இன்று மேல்தட்டிலிருந்து இறக்கி, உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல தையற்காரர் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார். முன்துணியிலும் பின்துணியிலும் அரை அங்குலம் கூடுதலாக இருந்தால், தையலைப் பிரித்துவிட்டால் பக்கத்துக்கு ஒரு அங்குலம், மொத்தம் இரண்டு அங்குலம் கிடைக்கும். போதவில்லையென்றால் கையிடுக்கிலிருந்து கீழ்வரை அதே நிறத்திலோ எடுப்பான வேறு நிறத்திலோ ஒரு பட்டை வைத்துத் தைக்கலாம், வேண்டுமென்றே வைத்த வடிவம் போலத்தான் இருக்கும். பழைய தையல் தடம் தெரியாமலிருக்க லேசாக ஈரம் காட்டி இஸ்திரி போடச் சொல்லுங்கள். கல்யாண நெருக்கத்தில் தையற்காரர்கள் கையில் வேலை குவிந்திருக்கும், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளிழுக்காதீர்கள்.